உள்ளே சேர்ந்த தண்ணீர்

நுவரெலியாவில் ஓர் ஆஸ்பத்திரியின் ஸ்கேன் அறையில் நான் வேலை பார்த்த காலத்தில், ராகலைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து தேயிலைக் கொழுந்தெடுக்கும் அம்மா ஒருவர் வருவார். மெலிந்த உடம்பு, கூடைக் கயிறு அழுத்தி முடி உதிர்ந்த முன்னந்தலை. மலையில் விழுந்து உடைந்த இடுப்பில் உலோக மூட்டு வைத்திருந்தார்கள். அதைச் சுற்றி ஏதும் கெட்டுப்போகிறதா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் செய்து பார்ப்போம்.

கட்டிலில் படுத்தால் அவர் திரையைப் பார்க்கவே மாட்டார். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

மூன்றாவது முறை வந்தபோது, மூட்டை ஒட்டிக் கறுப்பாக ஒரு திட்டு தெரிந்தது. முன்பு அது இல்லை. உலோகம் உரசி உரசிச் சுற்றியுள்ள சதை அழியத் தொடங்கியிருக்கலாம் என்று டாக்டர் என்னிடம் சிங்களத்தில் சொன்னார். அதை அப்படியே தமிழில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"கொஞ்சம் தண்ணி சேந்திருக்கும்மா. வலிக்குதா?"

"ஒரு வலியும் இல்லைங்க மிஸ். நேத்துகூடக் கொழுந்தெடுக்க மலைக்குப் போனேனே."

என் முகத்தைப் பார்த்தபடியே தொடர்ந்தார்.

"எங்க லயத்து வீடுங்களுக்கு மேல இருந்த மலையிலயும் இப்படித்தாங்க உள்ளுக்குள்ள தண்ணி சேந்துச்சு. மேல புல்லு பச்சப்பசேல்னு இருந்துச்சு, யாருக்கும் ஒண்ணும் தெரியல. விடியிறப்ப மலை சரிஞ்சு, குடியிருந்த மூணு காம்பரா மண்ணுக்குள்ள போயிருச்சு."

சொல்லிவிட்டு, முதல் தடவையாகத் தலையைத் திருப்பித் திரையைப் பார்த்தார். நான்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.