இடப்பக்கம் திரும்ப ஒரு மாதம்

எங்கள் மகள் பிறந்து மூன்று மாதம் வரை, எப்போது படுக்க வைத்தாலும் வலப்பக்கம்தான் பார்ப்பாள். அதில் எனக்கு அவ்வளவு பெருமை. முதலில் அதை ஒத்துக்கொண்டுதான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

துடியலூரில் எங்கள் வாடகை வீட்டில் ஒரு ஹாலும் ஒரு சமையலறையும். ஹாலின் கிழக்குச் சுவரில் திரு இருதய ஆண்டவர் படம் இருக்கிறது. எங்களுக்குக் கல்யாணமான வருஷம் பங்குச் சாமியார் வந்து மந்திரித்து மாட்டிக் கொடுத்தது. அதன் கீழே ஒரு சின்ன சிவப்பு பல்பு, பகலும் இரவும் எரியும். அந்தச் சுவரோரம்தான் மகளுக்கு மெத்தை போட்டிருந்தோம். தெற்கே தலை, வடக்கே கால். அப்படிப் படுத்தால் படம் அவளுக்கு வலக்கைப் பக்கம் வரும். பால் குடித்து முடித்ததும் தலை தானாக அந்தப் பக்கம் போய்விடும். இமை கொட்டாமல் பல்பையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

நான் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றும் பட்டறையில் வேலை செய்கிறேன். அங்கே எல்லோரிடமும் சொன்னேன். பூசை முடிந்து கோவில் வாசலில் நிற்கும்போதும் சொன்னேன். "ஏழு வருஷம் கேட்டு வாங்குன புள்ள இவ. குடுத்தவரையே பாத்துட்டுக் கெடக்கறாளுங்க."

மூன்றாவது தடுப்பூசிக்குப் போன அன்று, ஊசி போட்ட நர்ஸ் குழந்தையின் பின்தலையைத் தடவிப் பார்த்தார்.

"ஏனுங்கண்ணா, பாப்பா எப்பவும் ஒரே பக்கந்தான் பாக்குதுங்களா?"

வலப்பக்கத்துப் பின்தலை தட்டையாக இருந்தது. தினமும் குளிப்பாட்டித் துடைத்த எங்கள் இருவர் கைக்கும் அது தெரியாமல் போயிருந்தது.

அந்த வாரமே பிசியோதெரபி பார்க்கும் ஒரு பெண்ணிடம் அனுப்பினார்கள். சின்ன வயதுதான், நிதானமான பேச்சு. அவர் ஒரு சாவிக்கொத்தை இடப்பக்கம் ஆட்டினார். மகளின் கண் போனது. தலை பாதி தூரம் வந்து நின்றுவிட்டது.

"கழுத்துத் தசை கொஞ்சம் இறுகிப் போயிருக்குதுங்க. பயந்துக்க வேண்டாம், இந்த வயசுல இளகிக் குடுக்கும். ஒரு மாசம் பாக்கலாம். அப்பவும் திரும்பலீன்னா பெரிய டாக்டர்கிட்ட காட்டோணும்" என்றவர், "உங்க ஊட்டுல பாப்பாவுக்கு வலது பக்கம் என்னங்க இருக்குது?" என்று கேட்டார்.

சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

செய்ய வேண்டியதை ஒவ்வொன்றாகச் செய்து காட்டினார். விழித்திருக்கும்போது, பால் குடித்துக் கொஞ்ச நேரம் கழித்து, நெஞ்சுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்துக் குப்புறப் படுக்கவிட வேண்டும். பக்கத்திலேயே ஆள் இருக்க வேண்டும். தூங்கும்போது மல்லாந்துதான். பேசுவது, கிலுகிலுப்பை ஆட்டுவது எல்லாம் இடப்பக்கம் இருந்து. தலையைக் கையால் பிடித்து இழுத்துத் திருப்பவே கூடாது. கடைசியாக, "தலைமாட்டை மாத்திப் போடுங்க. வடக்கே தலை வெச்சா அந்த பல்பு இடது பக்கம் வந்துருமில்லீங்க, அவளாவே திரும்புவா" என்றார்.

வீட்டுக்கு வந்து குழந்தையைக் கீழே விட்டதும் என் மனைவி சொன்னாள்.

"வடக்கே தலை வெக்க நான் உடமாட்டனுங்க."

"வேதத்துல அப்படி ஒண்ணும் இல்லையே அம்மணி."

"இல்லீன்னு எனக்குந் தெரியுமுங்க. தெரிஞ்சா பயம் போயிருதுங்களா? காங்கேயத்துல எங்கூட்டுல ஒருத்தரும் அப்படிப் படுத்ததில்லீங்க. நீங்க படத்தைக் கழட்டி எதிர்ச் சுவத்துல மாட்டுங்க."

"மந்திரிச்சு மாட்டுனது. அதை நான் தொடமாட்டேன்."

அவள் சொன்னதில் அவள் நின்றாள், நான் சொன்னதில் நான் நின்றேன். மெத்தை போட்டபடியே கிடந்தது.

மற்றதையெல்லாம் விடாமல் செய்தோம். காலையில் பட்டறைக்குப் போகுமுன் நானும் மகள் எதிரில் குப்புறப் படுத்துக்கொள்வேன். முதல் நாள் மூக்கைத் துண்டில் தேய்த்து, அரை நிமிஷத்தில் வீடே அதிரக் கத்தினாள். நாலைந்து நாளில் தலை இரண்டு விரல் உயரம் எழும்பியது. நான் டம்ளரைக் கரண்டியால் தட்டுவேன். அவள் எச்சில் ஒழுக என்னைப் பார்ப்பாள்.

"மூட்டையத் தூக்குங்கன்னா முதுகு புடிச்சுக்குதுன்னு சொல்றீங்க. இங்க பல்லியாட்டம் ஒட்டிக் கெடக்கறீங்களே" என்பாள் மனைவி.

"நீயும் வந்து ஒட்டிக்க."

"அப்பறம் சோறு யாருங்க ஆக்கறது?"

இரண்டு வாரத்தில் கழுத்து நன்றாக நின்றது. ஆனால் மல்லாந்து படுத்தால் பழையபடி வலப்பக்கம்தான். இடப்பக்கம் நான் எதைத் தட்டினாலும் பாதிவரை வருவாள், என்னை ஓரக்கண்ணால் பார்ப்பாள், பல்புக்கே திரும்பிவிடுவாள். பட்டறையில் கம்பி சுற்றிக்கொண்டே செபம் சொன்னேன். ஒரு ஆணியைப் பிடுங்க மனம் வராதவன், கழுத்தைத் திருப்பிக் கொடும் என்று ஆண்டவரைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

மூன்றாம் வாரம் ஞாயிற்றுக்கிழமை, முதல் பூசைக்கு நான் மட்டும் போய்விட்டு வந்தேன். உள்ளே வந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். மகள் வடக்கே தலை வைத்துப் படுத்திருந்தாள். அவளுக்கு வலப்பக்கம், வெறுந்தரையில், என் மனைவியும் வடக்கே தலை வைத்துப் படுத்திருந்தாள். கையில் செபமாலை. கண்களை இறுக மூடியிருந்தாள்.

"என்ன அம்மணி இது?"

"புள்ளைய மட்டும் வெக்க மனசு வரலீங்க. ஏதாச்சும் ஆகறதுன்னா எனக்கும் சேர்ந்து ஆகட்டும்."

அந்தப் பயம் அவளுக்கு எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். சட்டையைக்கூட மாற்றாமல், மகளுக்கு மறுபக்கம் நானும் அதேபடி படுத்தேன்.

"தள்ளிப் படுங்க. பல்பை மறைக்கறீங்க" என்றாள். எப்போது கண்ணைத் திறந்து பார்த்தாளோ.

கால்மாட்டுக்கு நகர்ந்தேன். மகள் முதலில் அம்மா பக்கம்தான் பார்த்தாள். பிறகு அந்தச் சிவப்பு கண்ணில் பட்டிருக்க வேண்டும். தலை மெதுவாக இடப்பக்கம் நகர்ந்தது. வழக்கமான இடத்தில் நின்றது. உதட்டைக் குவித்து முக்கினாள். அப்புறம் இன்னும் கொஞ்சம். காது மெத்தையில் படும் அளவுக்குப் போகவில்லை. ஆனால் அதுவரை போகாத தூரம் போனாள். நாங்கள் இருவரும் மூச்சுகூடச் சத்தமாக விடவில்லை.

அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். மாதம் முடிந்து மறுபடி காட்டப் போனபோது, பிசியோதெரபி பெண் சாவிக்கொத்தை இடப்பக்கம் ஆட்டினார். மகள் முழுசாகத் திரும்பி, கையை நீட்டி அதைப் பிடிக்கப் பார்த்தாள்.

"நல்லா இளகியிருக்குதுங்க. பெரிய டாக்டர்கிட்ட இப்போதைக்குப் போக வேண்டாம். மண்டை ரூபம் மெதுவாத்தான் வரும். இன்னும் ரெண்டு மாசம் உட்டுராம செய்யுங்க. தலைமாடு மாத்துனதுல சிரமம் ஒண்ணும் இல்லீங்களே?"

"இல்லீங்க. மூணு பேருமே வடக்கே தலை வெச்சுப் படுத்துப் பழகிட்டோமுங்க" என்றாள் என் மனைவி.

அந்தப் பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நான் பாப்பாவுக்கு மட்டுந்தானுங்களே சொன்னேன். நீங்க ரெண்டு பேரும் எதுக்குங்க?"

"அவ தனியாப் படுக்க மாட்டாளுங்க" என்று சொல்லி, என் மனைவி மகளைத் தூக்கி இடது தோளில் போட்டுக்கொண்டாள்.