எல்லோருடைய காலிலும் ஒரே கட்டு

நான்கு வருடங்களுக்கு முன், மாரி முடிந்து வெயில் ஏறத் தொடங்கிய நேரம். தீவகத்தில் நான் படித்த கல்லூரியின் மைதானத்தில்தான் இது தொடங்கியது. நான் அப்போது பெண்கள் உதைபந்தாட்ட அணியின் தலைவி. உயர்தரம் இரண்டாம் வருடம், அதாவது கல்லூரியில் எனக்குக் கடைசி வருடம். யாழ்ப்பாணத்தில் நடக்கவிருந்த இறுதி ஆட்டத்துக்குப் பத்து நாள் இருந்தது. எங்கள் பெண்கள் அணி ஓர் இறுதி ஆட்டத்துக்குப் போவது அதுவே முதல் தடவை.

அந்த மைதானத்தை நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது. பள்ளிக்கூடம் விட்டதும் பையன்கள் இறங்குவார்கள். அவர்கள் ஆடிக் களைத்த பிறகு மிஞ்சும் நேரம்தான் எங்களுக்கு. மாரியில் மாடுகள் மிதித்த குழிகள் அப்படியே காய்ந்து கல்லாகிக் கிடக்கும். மாட்டை உள்ளே விடாதீர்கள் என்று போய்க் கேட்டால், "பொம்பிளைப் பிள்ளையளுக்கு என்னத்துக்குப் பந்து?" என்பார்கள். அப்படிக் கேட்ட ஒவ்வொருவரின் முன்னாலும் அந்தக் கிண்ணத்தைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி இருந்தது. ஆறு வருடமாக இருந்தது.

அன்று பந்தைத் தடுக்கப் பாய்ந்தபோது என் வலது கால் அப்படி ஒரு குழிக்குள் போய் மடங்கியது. உள்ளே ஏதோ சடக்கென்றது. எங்கள் விளையாட்டு மிஸ் அந்த நேரம் அதிபரின் அறையில் இருந்தார். பார்த்தது அணியில் இருந்தவர்கள் மட்டும்.

"ஒருத்தியும் மிஸ்ஸுக்கு மூச்சு விடக்கூடாது" என்றேன்.

விடவில்லை. என் வாய்க்கு எல்லோரும் பயம்.

நான் பின்வரிசையில் நடுவில் ஆடுகிறவள். நான் ஆட முடியாவிட்டால் அந்த இடத்துக்கு இறங்க வேண்டியவள் நயினாதீவில் இருந்து வந்து படித்த ஒருத்தி. என்னைவிட ஒரு வருடம் இளையவள். கடைசிப் படகைப் பிடிக்க வேண்டும் என்பதால் பயிற்சியில் அரை மணித்தியாலம்தான் நிற்பாள். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு படகுத்துறைக்குப் போகும் குறிகட்டுவான் பஸ்ஸுக்கு ஓடுவாள். "வழி விடுங்கோடி, படகுக்காரி வெளிக்கிட்டிட்டா" என்று நான் கத்துவேன். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரித்துக்கொண்டே ஓடுவாள். அரைப் பயிற்சிக்காரியிடம் என் இடத்தைக் கொடுப்பதா என்பதுதான் என் எண்ணம். பையன்கள் முதல் ஒரு மணித்தியாலத்தை எடுத்துக்கொள்வதால்தான் அவளுக்கு அரை மணி கிடைத்தது என்று நான் ஒருநாளும் யோசிக்கவில்லை.

வீட்டில் அம்மா ஆஸ்பத்திரிக்கு வா என்றார். போனால் ஓய்வு என்று எழுதித் தந்துவிடுவார்கள். போகவில்லை. வேலணையில் ஒரு பாமசியில் குளிசை வாங்கி விழுங்கினேன். இரவில் நோவெண்ணெய் பூசிக் கட்டினேன். பயிற்சியில் சுற்றி ஓடாமல், தலைவி என்ற பெயரில் நடுவில் நின்று மற்றவர்களை ஏவிக்கொண்டிருந்தேன். வீக்கம் கொஞ்சம் இறங்கியது. நோ இறங்கவில்லை.

மிஸ்ஸிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஆட்டத்தன்று காலையில் எல்லோரையும் வரிசையாக நிற்கவிட்டுப் பார்ப்பார். யாருடைய காலிலாவது கட்டு இருந்தால் துருவித் துருவிக் கேட்பார். கட்டு இல்லாமல் என்னால் நிற்கவே ஏலாது. அதனால் ஒரு வேலை செய்தேன். நாலைந்து கிரேப் பண்டேஜ் வாங்கி, வெட்டி, அணி முழுவதற்கும் கொடுத்தேன். எல்லோரும் வலது கணுக்காலில் கட்ட வேண்டும் என்றேன். கட்டினார்கள்.

மிஸ் வரிசையின் ஒரு முனையில் இருந்து மறுமுனை வரை பார்த்தார்.

"என்ன பிள்ளையள், எல்லாருக்கும் ஒரே நாளில சுளுக்கோ?"

"இல்லை மிஸ். பலத்துக்குக் கட்டினனாங்கள்" என்றேன்.

"ஒருத்தருக்கும் நோ இல்லையோ?"

"இல்லை மிஸ்." எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள்.

"அப்ப ஒற்றைக் காலில பத்துத் தரம் துள்ளுங்கோ பாப்பம். ரெண்டு காலிலயும்."

துள்ளினேன். இரண்டு குளிசை போட்டும், ஆறாவது துள்ளலில் கண்ணுக்குள் வெள்ளையாகப் பறந்தது. பத்தையும் முடித்தேன். மிஸ் என் முன்னால் வந்து நின்றார்.

"நீர் ஓகேயோ?"

"ஓம் மிஸ்."

யாழ்ப்பாணம் போக வாடகைக்குப் பிடித்த வானில் ஏறினோம். அந்த நயினாதீவுக்காரி எனக்குப் பக்கத்தில் இருந்தாள். அவளுடைய காலிலும் கட்டு. அழகாக, இறுக்கமாகக் கட்டியிருந்தாள். எனக்குச் சினம் வந்தது.

"நீர் என்னத்துக்குக் கட்டினனீர்? நீர் விளையாடப் போறேல்லையே."

அவள் யன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாள்: "நான் மட்டும் கட்டாமல் நிண்டா மிஸ் என்னைத்தானே அக்கா கேப்பா. கேட்டா எனக்குப் பொய் சொல்ல வராது."

அவள் ஒரு சொல் சொல்லியிருந்தால் அன்று என் இடம் அவளுக்கு. அது அவளுக்கும் தெரியும். அவளுடைய அம்மா முதல் படகில் வெளிக்கிட்டு மைதானத்துக்கு வந்துகொண்டிருந்தார், ஓரத்தில் இருக்கப் போகும் மகளைப் பார்க்க. இதெல்லாம் தெரிந்த பிறகாவது மிஸ்ஸிடம் போயிருக்க வேண்டும். போகவில்லை. ஆறு வருடம் காத்தது நான்தானே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு இறங்கினேன்.

எதிரணியில் ஏழாம் இலக்கம் போட்ட ஒரு மெல்லிய பிள்ளை. முதல் இரண்டு முறை என் வலப் பக்கத்தால் பந்தைக் கொண்டுபோனாள். இரண்டு முறையும் எப்படியோ மறித்தேன். அவள் என் காலை ஒருமுறை பார்த்தாள். கண்டுபிடித்துவிட்டாள். மூன்றாம் முறையும் அதே பக்கம் வந்தாள். திரும்ப முயன்றேன், கால் வரவில்லை. பந்து எங்கள் வலைக்குள் கிடந்தது.

அப்போதும் நான் வெளியே வரவில்லை. அந்தக் கோலுக்கு நானே ஈடு கட்ட வேண்டும் என்று ஒரு வீம்பு. இன்னும் பத்து நிமிடம் நின்றேன். எங்கள் பிள்ளைகள் தங்கள் இடத்தை விட்டுவிட்டு என் இடத்துக்கு ஓடி ஓடி வந்து மறித்தார்கள். ஒருத்தி மூச்சு வாங்கிக்கொண்டு, "எடி, போடி வெளியாலை. உன்னையும் பாத்து அந்த ஏழாம் நம்பரையும் பாக்க எங்களுக்கு ஏலாது" என்றாள். அதுவரை என்னோடு யாரும் அப்படிக் கதைத்ததில்லை. என்னை மாற்றச் சொல்லி மிஸ்ஸைப் பார்த்துக் கையைத் தூக்கினேன்.

கோட்டுக்கு வெளியே மிஸ் குனிந்து கட்டை அவிழ்த்தார். கணுக்கால் நாவற்பழ நிறத்தில் இருந்தது.

"எத்தினை நாள்?"

"பத்து நாள் மிஸ்."

"கேட்டனானெல்லோ" என்றார். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நயினாதீவுக்காரி தன் காலில் இருந்த கட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு உள்ளே ஓடினாள்.

நான் நிலத்தில் காலை நீட்டி இருந்தேன். சிறிது நேரத்தில் ஓர் அம்மா வந்து பக்கத்தில் குந்தினார். கையில் ஒரு பொலித்தீன் பை நிறைய ஐஸ் கட்டி. தெருவில் சர்பத் விற்றவரிடம் கேட்டு வாங்கியிருக்கிறார். தன் கைலேஞ்சியில் சுற்றி என் காலில் வைத்தார்.

"அசையாதை பிள்ளை. நீர்தானே கப்டன்? வீட்டை வந்தா என்ர பிள்ளைக்கு உம்மடை கதைதான். அக்கா இப்பிடி மறிக்கிறவா, அப்பிடி மறிக்கிறவா எண்டு."

அப்போதுதான் அவர் யார் என்று எனக்கு விளங்கியது. கடலைத் தாண்டி மகளைப் பார்க்க வந்தவர், மகள் இறங்கி ஓடிய முதல் நிமிடங்களைப் பார்க்கவில்லை. எனக்கு ஐஸ் தேடிப் போயிருந்தார்.

"அம்மா, அங்கை பாருங்கோ" என்றேன்.

அவர் மகள் அந்த ஏழாம் இலக்கத்தை ஆட்டம் முடியும் வரை ஒரு முறைகூடத் தாண்ட விடவில்லை. அரைப் பயிற்சிக்காரி. இரண்டாம் பாதி முழுவதும் எங்கள் பிள்ளைகள் எதிரணியின் வலையை முற்றுகையிட்டார்கள். ஒரு பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. பூச்சியத்துக்கு ஒன்று என்று தோற்றோம். அந்த ஒன்று என் காலால் போனது.

விசில் ஊதியதும் நொண்டிக்கொண்டு உள்ளே போனேன். எல்லோரும் நிலத்தில் கிடந்து அழுதுகொண்டிருந்தார்கள். தோற்றது என்னால்தான், வேறு யாராலும் இல்லை என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். ஒருத்தியும் மறுக்கவில்லை. அது சரிதான். நயினாதீவுக்காரியிடம் தனியாகப் போய், "முதலே உம்மை இறக்கியிருக்க வேணும்" என்றேன்.

"ஓம் அக்கா" என்றாள். பரவாயில்லை என்று சொல்லவில்லை. அதற்காக அவள்மேல் எனக்கு மதிப்புக் கூடியது.

இதை வாசிக்கிற சிலர், நோவோடு ஆடியது வீரம் என்று நினைக்கக்கூடும். ஊரில் அப்போது பலர் அப்படித்தான் சொல்லித் தேற்றினார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. நோவைத் தாங்கினேன், உண்மை. ஆனால் நான் தாங்கியது அணிக்காக இல்லை.

கால் ஆறு கிழமையில் ஆறிவிட்டது. இன்று வேலை செய்கிற இடத்திலும், நான்தான் செய்ய வேண்டும், என்னால்தான் ஏலும் என்று அந்தப் பழைய வீம்பு அடிக்கடி தலை தூக்குகிறது. அப்போதெல்லாம், என்னால் இடம் கிடைக்காமல் பக்கத்தில் ஆயத்தமாக நிற்கிற ஆள் யார் என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் நான் முன்னுக்கு ஓர் அடி வைக்கிறேன்.