வெளிக்கிடும்போது கேட்காத கேள்வி

அத்தானின் பிளாஸ்க் மூடியில் ஒரு நெளிவு இருக்கிறது. கடல் கடந்து வந்து அக்கா குடியேறிய வென்ட்வேர்த்வில்லில், அவள் வீட்டுக் குசினியில் புதுப் பிளாஸ்க்குகள் சும்மா கிடக்க, இன்று காலையும் அக்கா அதில்தான் எனக்குத் தேத்தண்ணீர் ஊற்றினாள்.

அத்தான் தனியே மலை ஏறுகிறவர். அவரோடு வேலை செய்த ஸ்கொட்லாந்துக்காரர் ஒருவர் தொற்ற வைத்த பைத்தியம் அது. அந்த மனிதர் தன் ஊரில் யாரும் போகாத மலையொன்றில் நாள் முழுக்க மழையில் நனைந்து ஏறி, உச்சியில் மூடுபனியைத் தவிர எதையும் பார்க்காமல் இறங்கியதைப் பெருமையாகச் சொல்வாராம். அதைக் கேட்டு எங்கள் ஆளும் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, எங்கள் நகருக்கு மேற்கேயுள்ள நீலமலைகளுக்கு அப்பால் பெயர்ப்பலகைகூட இல்லாத குன்றுகளைத் தேடிப் போகத் தொடங்கினார். கொண்டாட்டத்துக்குக் கூப்பிட்டால் முழங்கால் நோகிறது என்பார். மலைக்கு மட்டும் நோகாது. நான் அப்போது அவர்கள் வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். மச்சாள் உரிமையில் அவரைக் கேலி செய்வதே என் பொழுதுபோக்கு.

எந்த மலைக்குப் போகிறார் என்று அக்கா கேட்டதே இல்லை. வெளிக்கிடுகிறவரை "எங்கை?" என்று கேட்டால் போகிற காரியம் சரிவராது என்று நம்மவர்கள் சொல்வதுதான். அக்காவுக்கு அது வெறும் பேச்சு இல்லை. ஊரில் சண்டைக் காலத்தில், சைக்கிளை எடுத்த எங்கள் அண்ணாவிடம் "எங்கை போறாய்?" என்று வாசற் படலையில் நின்று கேட்டவள் அவள். அண்ணா சிரித்துவிட்டுப் போனார், திரும்பி வரவில்லை. அதன்பிறகு அவள் யாரையும் கேட்பதில்லை. கேட்காதவளிடம் சொல்ல வேண்டும் என்று அத்தானுக்கும் தோன்றவில்லை.

ஒரு சனிக்கிழமை பொழுதுபட்டும் அத்தான் வரவில்லை. தொலைபேசியும் எடுபடவில்லை. வீட்டுக்கு வந்த பொலிஸ் பெண் கேட்ட முதற்கேள்வியே எந்த மலை என்பதுதான். அக்கா கதிரையின் விளிம்பைப் பிடித்தபடி என்னைப் பார்த்து, "தெரியாது பிள்ளை. நான் கேக்கிறேல்லையே" என்றாள். கணவர் போன இடம் தெரியாத மனைவியை அந்தப் பெண் ஒரு மாதிரிப் பார்த்தாள். அண்ணாவின் கதையை எங்கிருந்து தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. அத்தனை மலைகளில் எதிலென்று தேடுவார்கள்? கேட்காததாலேயே இவரையும் இழந்துவிடப் போகிறாளோ?

மறுநாள் காலை அவரே வந்து சேர்ந்தார். பாறையில் சறுக்கிக் கணுக்கால் பிசகி, விடியும்வரை அங்கேயே இருந்து, நொண்டி நொண்டி இறங்கியிருக்கிறார். மூடி நெளிந்ததும் அப்போதுதான். அக்கா அவர் காலைச் சுடுதண்ணீரில் வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே இருந்து அழுதாள்.

கால் சுகமாகி மறுபடி வெளிக்கிட்ட அன்று, அத்தான் வாசற்படியில் குனிந்து நாடாவைக் கட்டியபடி தன் சப்பாத்தோடு கதைக்கத் தொடங்கினார். "இண்டைக்கு ஆத்துப் பாலத்தடியிலை காரை விடுறம். வடக்குப் பக்கத்தாலை ஏறி, அதாலையே இறங்குறம். இருட்ட முன்னம் வீட்டை." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகுதான் கவனித்தேன், குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அக்கா குழாயைப் பூட்டிவிட்டு அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். "போட்டு வாறன்" என்று அவர் எழும்பிய பிறகுதான் திறந்தாள். அதன்பின் ஒவ்வொரு முறையும் இப்படித்தான். இவர்களைப் போல அன்பான ஒரு சோடியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

போன வருடம் அத்தான் நோயில், வீட்டிலேயே, அக்காவின் பக்கத்தில் காலமானார். அவர் அடிக்கடி போன அந்த மலையில் ஒரு தடவை தனியே ஏற வேண்டும் என்று எனக்கு ஆசை. இன்று காலை நான் வெளிக்கிட்டபோது அக்கா என் சப்பாத்தைப் பார்த்தாள். நெளிந்த மூடியை இறுக்கி, பிளாஸ்க்கைக் கையில் தந்துவிட்டுக் குசினிக்குள் போனாள். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. நான் படியில் குனிந்தேன். ஐம்பதை நெருங்குகிற எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

"ஆத்துப் பாலத்தடியிலை காரை விடுறம்" என்று சப்பாத்திடம் சொன்னேன்.

குழாய் நின்றது.