புழுங்கல் சோறு கொடுத்து வெள்ளைச் சோறு வாங்கினேன்

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. ஆனால் இன்று பினாங்கு அரிசிக் கடைக்காரர்களில் என்னைத் தெரியாதவன் கிடையாது. கண்ணைக் கட்டிவிட்டு ஒரு பிடி அரிசி கொடுங்கள், எந்த ஊர் அரிசி என்று சொல்கிறேன். இந்த வியாபார மூளை எனக்கு எட்டு வயதிலேயே வந்துவிட்டது.

அப்போது துறைமுகத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தோம். அடுத்த வீடு சீனக் குடும்பம். அவர்கள் வீட்டுச் சோறு பளபளவென்று வெள்ளை. எங்கள் வீட்டில் புழுங்கல் அரிசி. பழுப்பாக, தடித்து, ஒரு வாடையோடு இருக்கும். அதைப் பார்த்தாலே எனக்கு வெட்கம்.

அந்த வீட்டுப் பையனுக்கும் என் வயதுதான். கால் இரண்டும் வீங்கி, சுவரைப் பிடித்துத்தான் நடப்பான். ஒரு நாள் பின்வாசல் படியில் என் கிண்ணத்தை எட்டிப் பார்த்து, மாற்றிக்கொள்ளலாமா என்று மலாயில் கேட்டான். விடுவேனா? அன்று முதல் தினமும் மத்தியானம், இரண்டு வீட்டுக்கும் தெரியாமல் கிண்ணங்கள் கைமாறின. என் பருப்பும் கீரையும் கூடவே போயின. அதனால் என்ன, வெள்ளைச் சோறு ஆயிற்றே.

இரண்டு மாதத்தில் பையன் சுவரை விட்டான். பிறகு ஓடினான். ஒரு நாள் அறுந்த பட்டத்தைத் துரத்தியதில் என்னையே முந்திவிட்டான்.

அன்று சாயங்காலம் அவன் அம்மா ஒரு கூடையோடு எங்கள் வாசலில் வந்து நின்றாள். பயல் சொல்லிவிட்டான், தொலைந்தேன் என்று அரிசி மூட்டைக்குப் பின்னால் பதுங்கினேன். மட்டச் சோற்றை அவன் தலையில் கட்டியவன் நான் அல்லவா. அவளோ என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மலாயில் ஏதேதோ சொல்லி அழுதாள். கூடை நிறைய வாத்து முட்டை.

அவள் போனதும், "வெளிய வாடா" என்றாள் அம்மா. "தெனம் உன் சோத்த அந்தப் புள்ளைக்கா குடுத்தே?"

"அவந்தாம்மா கேட்டான்."

"நீ என்னத்தத் தின்னே?"

"அவங்க சோறு. வெள்ளச் சோறும்மா."

அடி விழவில்லை. அம்மா சிரித்தாள். "பெரிய யாவாரிதான் போ. நாளையிலேர்ந்து ரெண்டு பேரும் இங்கயே தின்னுங்க. அந்த வெள்ளச் சோறு ஒனக்கும் வேணாம்."

நல்ல வியாபாரம் கெட்டதே என்று அழுதேன். அழுதுகொண்டே இரண்டு முட்டை தின்றேன்.

தவிட்டோடு சத்தும் போன வெள்ளை அரிசிதான் அவன் காலை வீங்க வைத்தது என்று தெரிந்துகொள்ள, நான் எத்தனையோ மூட்டை அரிசி விற்க வேண்டியிருந்தது. அன்றைக்கு அந்தக் குடும்பத்தை நினைத்து எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. என்னிடம் இப்படி ஏமாந்துவிட்டு, எங்களுக்கே முட்டையும் கொடுத்துவிட்டுப் போகிறார்களே.