பேய்க்கோச்சி இளைப்பாறிய கதை

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இரத்தோட்டைப் பக்கம் ஒரு காலத்தில் ஓடிய ரோலர் கோஸ்டரில் மூன்று தரம் ஏறியதாகப் போன வருஷம் இதே பக்கத்தில் எழுதியிருந்தேன். பொய். டிக்கெட் எடுத்தது மட்டும் உண்மை. என் முறை வந்ததும் கழிப்பறைக்குப் போய், கூச்சல் அடங்கும்வரை அங்கேயே நின்றேன். இருபத்திரண்டு வருஷம் பஸ் மிதிபலகையில் தொங்கிய கொண்டக்டருக்கு இது அழகா என்று கேட்காதீர்கள்.

அதை இரும்புக்கு வெட்டப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, போன சனிக்கிழமை கிளம்பினேன். மாத்தளையில் காலை 7.40 பஸ். இரத்தோட்டைக்கு நாற்பது நிமிஷம், எழுபது ரூபா. அங்கிருந்து மூன்று கிலோமீற்றர் ஓட்டோ, முந்நூறு ரூபா.

"அங்க பாக்க என்னங்க இருக்கு? துருதான்" என்றார் ஓட்டோக்காரர்.

"பரவால்ல, என் வயசுக்கு அதுதான் பொருத்தம்" என்றேன்.

ஊரார் அதைப் பேய்க்கோச்சி என்பார்கள். கோச்சி என்றால் எங்கள் பக்கம் ரயில். ஒரு முதலாளி கானிவல்காரர்களிடம் பழையதாக வாங்கி, மிளகுத் தோட்டத்து ஓரமாகப் பூங்கா போட்டு நிறுத்தினார். உச்சி இருபத்தெட்டு அடி. பெட்டியை மேலே இழுக்க நெல் மில் மோட்டார். எட்டு வருஷம் பெருநாளுக்கும் பொங்கலுக்கும் சித்திரை வருஷத்துக்கும் கியூ நின்றது. பிறகு ஒருநாள் சங்கிலி அறுந்து பெட்டி உச்சியிலேயே நின்றுவிட்டது. உள்ளே இருந்த நாலு பேரை ஏணி வைத்து இறக்கினார்கள். பெட்டியை யாரும் இறக்கவில்லை. ஏழு வருஷம் மழையிலும் வெயிலிலும் அங்கேயே இருந்தது.

அந்தக் காலத்தில் அதை ஓட்டியவர் சித்தீக் நானா; முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் நானா என்போம். இப்போது சந்தியில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கிறார். பெட்டியைப் பன்னிரண்டு மணிக்குள் முழுசாக இறக்கினால் அது அவருக்கு, இல்லாவிட்டால் மேலேயே வெட்டித் தள்ளிவிடுவோம் என்று தம்புள்ளையிலிருந்து லொறியோடு வந்த இரும்புக்காரர் சொல்லிவிட்டார். அறுபது வயசு நானா சாரத்தை மடித்துக் கட்டினார்.

"கடை வாசல்ல போட்டா நாலு பேர் ஒக்காருவாங்க. எட்டு வருஷம் என்ட கையால ஓடின பெட்டி, தம்பி" என்று ஏணியில் ஏறினார்.

பெட்டியின் பின்னால் கட்டிய கயிற்றைப் பலா மரத்தில் மூன்று சுற்றுச் சுற்றி, தோட்டத்து முருகையா கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். நானா உள்ளே இருந்து மரக்கட்டையால் சக்கரத்துக்கு அடைகொடுப்பார். முதல் பள்ளத்திலேயே நிறுத்தியாக வேண்டும். இரண்டாவது மேட்டுக்கு அப்பால் தண்டவாளத்தைக் காலையிலேயே வெட்டிவிட்டார்கள், வெறும் காற்றுதான். மரத்தடியிலிருந்து உச்சி தெரியாது என்பதால், நானா சொல்வதை முருகையாவுக்குச் சொல்ல நடுவில் நான் நின்றேன்.

பதினொன்றே கால். நானா முன்கட்டையை உருவினார். இரும்பு ஒரு தரம் முனகியது.

"தம்பி, முடிச்சு நழுவுது! திருப்பிக் கட்டுறேன். முருகையாவ இறுக்கிப் பிடிக்கச் சொல்லுங்க, வெளங்கினா?"

"ரைட்!" என்றேன்.

விளங்கியது என்றுதான் சொன்னேன். ஆனால் முருகையா இருபது வருஷம் என் பஸ்ஸில் போனவர். நான் ரைட் என்றால் அவருக்கு ஒரே அர்த்தம், வண்டி போகலாம். கயிற்றை விட்டார்.

பலா மரப் பட்டை புகைந்தது. பெட்டி உச்சியில் தலை குனிந்தது. துருச் சக்கரங்கள் போட்ட கூச்சலில் நானாவின் குரல் கேட்கவே இல்லை. அவர் கையிலிருந்த கட்டை பறந்து மிளகுக் கொடியில் விழுந்தது. பெட்டி பள்ளத்தைக் கடந்து இரண்டாவது மேட்டில் ஏறியது. ஏறிக்கொண்டே இருந்தது. மேட்டின் முதுகுக்கு ஒரு முழம் இருக்கும்போது நின்றது.

ஒரு மூச்சு.

பிறகு பின்வாங்கி, பள்ளத்தில் தொட்டில்போல ஆடி அடங்கியது.

ஓடினோம். நானா பெட்டி விளிம்பைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். "நானா?" என்றேன். முருகையா அவர் தோளை உலுக்கினார்.

"ஏன் தம்பி," என்றார் நானா கடைசியில், "ஒங்கட பஸ்ல மனுசன ஒழுங்கா ஒக்காரவும் விடமாட்டீங்களா? அதுக்குள்ள ரைட்டா?"

"நீங்கதானண்ணே ரைட் குடுத்தீங்க!" என்று முருகையா என் மேல் பாய்ந்தார்.

பெட்டியில் ஒரு கீறல் இல்லை. இரும்புக்காரரும் சொன்ன சொல் தவறவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: பூங்காவில் இனி தூண்களின் அடிக்கட்டைகள்தான் மிஞ்சும். பெட்டியைப் பார்க்கச் சந்திக் கடைக்குப் போங்கள், காலை ஆறிலிருந்து மாலை ஏழு வரை திறந்திருக்கும். மழை நாளில் அட்டை கடிக்கும், காலில் தேய்க்கச் சவர்க்காரம் கொண்டுபோங்கள். ஆபத்தான வேலையில் கைகொடுக்கப் போனால், எந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

படம் எடுக்கவென்று நானா என்னைப் பெட்டியில் உட்காரவைத்து, இடுப்புக் கம்பியை இறக்கினார். கம்பி பூட்டிக்கொண்டது. திறக்கவில்லை. தண்டவாளம் வெட்டிய நெருப்பை என் மடிக்குக் கிட்டக் கொண்டுவர இரும்புக்காரர் மறுத்துவிட்டார். பெட்டியை லொறியில் ஏற்றியபோது நானும் உள்ளே இருந்தேன். இரத்தோட்டை வெல்டிங் கடையைப் பகல் சாப்பாட்டுக்கு மூடியிருந்தார்கள். இரண்டே காலுக்குத் திறந்தார்கள்.