கேட்டு வாங்கிச் சாப்பிடாத பிள்ளை

அறுபதுகளின் தொடக்கம், ஒரு ஜூன் மாதம். அப்போது ஆலங்குடியில் குடியிருந்தோம். என் மூத்த மகன் எஸ்.எஸ்.எல்.சி.யில் நல்ல மார்க் வாங்கியிருந்தான். திருச்சியில் ஒரு கல்லூரியிலிருந்து பி.யு.சி.க்கு இண்டர்வியூவும் வந்தது. இடம் கிடைத்தால் விடுதியில் தங்கித்தான் படிக்க வேண்டும்.

எனக்கு எதற்கெடுத்தாலும் கவலை. பஸ்ஸில் ஏறும்போது மூட்டைகளை எண்ணுவேன், இறங்கும்போதும் எண்ணுவேன். பையனுக்குப் பதினைந்து வயது. தலையில் எண்ணெய் வைத்துவிடக்கூட அவனுக்கு அம்மா வேண்டும். இவனைத் தனியாக விடலாமா என்று யோசித்துக்கொண்டேதான் கூட்டிப்போனேன்.

இடம் கொடுத்துவிட்டார்கள். பத்து நாளுக்குள் பணம் கட்ட வேண்டும், தவறினால் இடம் வேறொருவனுக்குப் போய்விடும். அங்கிருந்து ஒரு சாப்பாட்டு ஹோட்டலுக்குப் போனோம். கூட்டம். அவனுக்கு எதிர்வரிசையில்தான் எனக்கு இடம் கிடைத்தது. அவன் இலையில் பொரியலும் அப்பளமும் வைத்தார்கள். சோற்று வாளி அவனுக்கு முந்தின ஆளோடு காலியாகி உள்ளே போனது. வாளியோடு திரும்பி வந்த பரிமாறுகிறவர் இவன் இலையைக் கவனிக்காமல் இரண்டு தடவை கடந்து போனார். இவன் வாளியைப் பார்த்தான், இலையைப் பார்த்தான், வாயைத் திறக்கவில்லை. அப்பளத்தைத் துளித்துளியாக ஒடித்துத் தின்றான். பக்கத்து ஆள் மோர் வாங்கும்போது இலையை மடித்துவிட்டு எழுந்துவிட்டான். என்னதான் செய்கிறான் பார்ப்போம் என்று நானும் பேசாமல் இருந்தேன்.

வெளியே வந்து, "வயிறு நிறைஞ்சுச்சாடா?" என்றேன்.

"நிறைஞ்சுச்சுப்பா."

ஹோட்டலிலேயே வாய் திறக்காதவன் விடுதியில் எப்படிக் காலம் தள்ளுவான்? ஊர் திரும்புவதற்குள் முடிவு செய்துவிட்டேன். ஒரு வருஷம் டைப்ரைட்டிங் படிக்கட்டும். காலேஜை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இதைச் சொன்னதும் என் மனைவிக்குக் கோபம் வந்தது என் மேல்தான். "புள்ளை பட்டினியா எந்திரிச்சிருக்கான். நீங்க எதுத்தாப்புல உக்காந்து வாளி எத்தனை தடவ போச்சுன்னு எண்ணிக்கிட்டு இருந்தீங்களாக்கும்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே, "நான்தான் எலையப் பாத்துப் பாத்துப் போட்டுப் பழக்கிட்டேன். இந்த வீட்டுல யாரு கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருக்கா? நீங்க கேட்டிருக்கீங்களா?" என்றாள். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பணம் கட்ட இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது. அன்று அரிமளத்தில் உறவில் ஒரு கல்யாணம். பந்தியின் கடைசி இரண்டு இலைகளில் நானும் பையனும் உட்கார்ந்தோம். சோறு வந்தது. சாம்பார் வாளி எங்களுக்கு முந்தின இலையோடு திரும்பிவிட்டது. பரிமாறியவர் பெண் வீட்டு வாலிபர் ஒருவர்; நடுப்பந்தியில் யாரிடமோ கேலி பேசிக்கொண்டு நின்றார். கூப்பிடலாம் என்று தலையை நிமிர்த்தினேன். குரல் வரவில்லை. சாப்பாட்டுக்கே வந்தவன் என்று நினைப்பார்களோ என்று கூச்சம். அவராகப் பார்க்கட்டும் என்று வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். திருச்சி ஹோட்டலிலும் இப்படித்தான் இருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அங்கே நான் பையனைச் சோதித்துப் பார்க்கவில்லை. எனக்கே வாய் வரவில்லை.

பையன் என் இலையைப் பார்த்தான். "அண்ணே, இங்கிட்டு வாங்க. அப்பாவுக்குச் சாம்பார் வரலை" என்றான். மீசை முளைக்கும் வயதுக் குரல், பாதியில் கீச்சென்று உடைந்தது. பந்தியே திரும்பிப் பார்த்தது.

"கடைசி எலைய மறந்துட்டேன் மாமா" என்று அவர் ஓடிவந்து எனக்கு ஊற்றிவிட்டுத் திரும்பினார்.

"எனக்கும்தான்ணே" என்றான் பையன், மெதுவாக.

"அப்பாவுக்குன்னா அம்புட்டுச் சத்தம், ஒனக்குன்னா இம்புட்டுதானா?" என்று அவர் சிரித்தார். பையனுக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. ஆனால் ரசத்தையும் அவனே கேட்டு வாங்கினான்.

மறுநாள் முதல் பஸ்ஸில் போய்ப் பணத்தைக் கட்டிவிட்டு வந்தேன்.

இப்போது அவன் வீட்டில்தான் இருக்கிறேன். சாப்பிடும்போது மோர் வரவில்லையென்றால் இன்றைக்கும் நான் சும்மாதான் உட்கார்ந்திருப்பேன். "அப்பாவுக்கு மோர் ஊத்து" என்று அவன்தான் குரல் கொடுப்பான். பிள்ளையைக் காலேஜுக்கு அனுப்பலாமா என்று யாராவது என்னிடம் யோசனை கேட்டால், அந்தப் பந்தியில் மெதுவாகக் கேட்ட "எனக்கும்தான்ணே" என்ற குரல்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல நான் இந்த வயதிலும் பழகவில்லை.