காந்திமதி அறக்கட்டளையின் ஆதரவற்ற பெண்கள்

நெய்வேலி சுரங்க ஸ்டோர்ஸில் இருபத்தாறு வருஷம் பணியாற்றிய திரு. வேலுமணி, அரசாங்கத்தின் மேல் தீராத மனத்தாங்கல் கொண்டவர். அரசாங்கம் அவருக்குச் சம்பளம் கொடுத்தது, குடியிருக்க க்வார்ட்டர்ஸ் கொடுத்தது, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கொடுத்தது, காய்ச்சல் வந்தால் மாத்திரை கொடுத்தது. அப்படியெல்லாம் கொடுத்துவிட்டு, அதில் ஒரு துண்டை வரி என்ற பெயரில் திருப்பிக் கேட்டதே, அதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

அவர் மனைவி காந்திமதியின் கவலை வேறு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த நாளாக நெய்வேலி டவுன்ஷிப்பின் பதினாறாம் வட்டத்தில் அதே க்வார்ட்டர்ஸ். வேலை இருக்கிற வரைதான் அந்த வீடு. ரிட்டயர் ஆனவர்கள் லாரியில் பீரோவை ஏற்றிவிட்டு, பூட்டிய கதவைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போவதை அவள் வருஷத்துக்கு நாலு தடவை பார்த்திருக்கிறாள். அதனால் எழுபத்தைந்தாம் வருஷம் தன் இருபத்திரண்டு பவுனையும் கழற்றிப் புருஷன் கையில் கொடுத்தாள். யாரும் வெளியே போ என்று சொல்ல முடியாத ஒரு கூரை வேண்டும், அவ்வளவுதான் என்றாள்.

அந்தப் பவுனில், பக்கத்து ஊரான வடக்குத்தில் நிலம் வந்தது. நிலத்தில் கூரையும் வந்தது, ஒன்றல்ல, பன்னிரண்டு. ஒரே வரிசையாகப் பன்னிரண்டு லைன் வீடுகளைக் கட்டினார் வேலுமணி. ரிட்டயர் ஆகும்போது கோடியிலிருக்கும் இரண்டின் நடுச்சுவரை இடித்தால் நமக்கு வீடு, அதுவரை வாடகை வரட்டுமே என்றார். ஒரே வாரத்தில் காண்ட்ராக்ட் வேலைக்குச் சுரங்கத்தில் இறங்குகிறவர்களின் குடும்பங்கள் வந்து நிரம்பின.

வாடகை வந்ததும் பின்னாலேயே வரியும் வந்தது. சொத்து அவர் பேரில் இருந்தால் வாடகை சம்பளத்தோடு சேரும். மனைவி பேருக்கு மாற்றினாலும் அவர் கணக்கில்தான் வந்து விழும். தூக்கம் கெட்டுப்போய்க் கடலூரில் ஆடிட்டர் துரைராஜைப் பார்த்தார். ஆடிட்டர் ஒரு வழி சொன்னார். குடும்பத்துக்கென்று ஒரு டிரஸ்ட் வைத்து, நிலத்தையும் வீட்டையும் அதில் போட்டுவிடலாம். மனைவிக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு பங்கு என்று எழுதி, வேலுமணியே டிரஸ்டியாக இருந்து நிர்வாகம் பண்ணலாம். வருமானம் நாலாக உடையும், வரி தேய்ந்துபோகும்.

பத்திரத்தை ஆடிட்டரே எழுதிக் கொடுப்பதாகச் சொன்னார். அதற்கு அவர் கேட்ட ஃபீஸ், வேலுமணிக்கு இன்னொரு வரியாகத் தெரிந்தது. நேரே குறிஞ்சிப்பாடிக்குப் போய்ப் பத்திரம் எழுதுகிற பன்னீர்செல்வத்திடம் உட்கார்ந்தார். டிரஸ்ட் என்றால் தமிழில் அறக்கட்டளைதானே என்று பன்னீர்செல்வம் கேட்டார். ஆமாம், அதுவேதான் என்றார் வேலுமணி. பன்னீர்செல்வம் தம் ஆயுளில் ஒரே ஓர் அறக்கட்டளைப் பத்திரம்தான் எழுதியிருந்தார். ஒரு தறிக்காரக் குடும்பம் விதவைகளுக்காகக் கட்டிய விடுதிக்கானது அது. அந்த நகலை எடுத்து வைத்துக்கொண்டு பேரையும் நான்கெல்லையையும் மட்டும் மாற்றி, அழகான கையெழுத்தில் எழுதி முடித்தார்.

பதிவானதற்குப் பிறகுதான் வேலுமணி அதை நிதானமாகப் படித்தார். ‘ஆதரவற்ற ஏழைப் பெண்கள் வாடகையின்றித் தங்கி வாழும் பொருட்டு, சூரிய சந்திரர் உள்ளவரை, எக்காலத்தும் திரும்பப் பெறாத வகையில்’ என்று இருந்தது. குடும்பம் என்ற சொல் தேடினாலும் கிடைக்கவில்லை. அலறிக்கொண்டு கடலூருக்கு ஓடினார். ஆடிட்டர் படித்துப் பார்த்துவிட்டு, உடனே வக்கீலைப் பார்த்துச் சரிசெய்யுங்கள், தர்மம் என்று வெளியே பேராகிவிட்டால் அப்புறம் ஆண்டவனாலும் முடியாது என்றார். பிறகு, வாய் சும்மா இருக்காமல், இப்படியே இருந்தால் இது தர்ம ஸ்தாபனம், வரியே கிடையாது என்றும் சொல்லித் தொலைத்தார்.

ஒரு டீ குடிக்கிற நேரம் வேலுமணி யோசித்தார். “அப்ப இப்படியே இருக்கட்டும் சார்” என்றார்.

அந்த டீ நேரத்தில் இருபத்திரண்டு பவுன் போயிற்று. காந்திமதியிடம் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ‘காந்திமதி அறக்கட்டளை’ என்று பெரிதாகப் போர்டு எழுதி மாட்டியபோது, மனைவி மேல் இவருக்கு எவ்வளவு பிரியம் பார் என்று வட்டமே மெச்சிக்கொண்டது.

தர்மம் செய்வது லேசான வேலை இல்லை. பத்திரம் பெண்கள் என்கிறது, ஆகவே குடியிருப்போர் நோட்டில் பெண்கள் பேர் மட்டும் ஏறியது. ஆதரவற்றவர்கள் என்கிறது, ஆகவே ஒவ்வொரு பேருக்கும் எதிரே ‘கணவர் இல்லை’ என்று வேலுமணி தம் கையாலேயே எழுதினார். ஏழாம் நம்பர் கனகத்தின் புருஷன் அய்யனார் ஆறடி உயரம், நைட் ஷிப்ட் முடித்து வந்து வாசலில்தான் பல் விளக்குவான். நோட்டில் அவன் இல்லை. வாடகை மட்டும் மாதா மாதம், ரசீது இல்லாமல், ஐந்தாம் தேதி.

எட்டு வருஷம் இப்படி ஓடியது. எண்பத்து மூன்றில், தர்மம் நடக்கிற லட்சணத்தை நேரில் பார்க்க வருமான வரி ஆபீஸிலிருந்து ஓர் இன்ஸ்பெக்டர் வருவதாகக் கடிதம் வந்தது. முந்தின நாளே வேலுமணி வந்து எல்லாப் பெண்களையும் நிற்க வைத்துப் பாடம் நடத்தினார். வாடகை உண்டா என்று கேட்டால் இல்லை. புருஷன் உண்டா என்று கேட்டால் இல்லை. ஆண்பிள்ளைகள் எல்லாரும் சாயங்காலம் வரைக்கும் குள்ளஞ்சாவடியில் போய் இருந்துவிட்டு வரவேண்டும், டீச்செலவு அவருடையது. டீச்செலவை அவர் கொடுக்கவில்லை என்பது வேறு விஷயம்.

இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். கேட்டதை எழுதி, எழுதியதைப் படித்துக் காட்டி, பன்னிரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்த ஐந்தாம் தேதி வேலுமணி ஸ்கூட்டரை நிறுத்தினார். கனகம் வெளியே வந்தாள்.

“வாடகை இல்லேன்னு கவர்மெண்டு காயிதத்துல கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டமுங்க. இப்ப வாடகை குடுத்தா நாங்க பொய் சொன்னதா ஆயிடுமுங்களே.”

வேலுமணி குரலை உயர்த்தினார். வீட்டைக் காலி செய் என்றார்.

“எட்டு வருசமா வாடகையும் வாங்கிகினு, உசுரோட இருக்கிற மனுசன எழுத்துல சாவடிச்சிகினு இருந்திருக்கீங்க. அதுக்கு என்னா குடுக்கப் போறீங்க? அதச் சொல்லுங்க, காலி பண்றதப் பத்தி அப்பறம் பேசலாம்” என்றாள் கனகம். குரல் உயரவில்லை. வரிசையில் மற்றப் பதினோரு கதவும் திறந்திருந்தன.

போலீஸுக்குப் போக முடியாது. கோர்ட்டுக்குப் போனால் பத்திரத்தைக் காட்ட வேண்டும். வருமான வரிக்காரரிடம் போய், நான் தர்மம் செய்யவில்லை, திருடினேன் என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. அன்றிலிருந்து ஊரில் உண்மையாகவே ஓர் அறக்கட்டளை நடந்தது. வடலூர் ரோட்டில் அப்படி ஒழுங்காக நடந்த தர்மம் வேறு இல்லை.

இவ்வளவும் காந்திமதிக்குத் தெரிந்தது எண்பத்தைந்தில், வேலுமணி ரிட்டயர் ஆகி, க்வார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்த பிறகு. கோடி வீட்டுச் சுவரை எப்போது இடிக்கப் போகிறீர்கள் என்று கேட்டாள். அவர் வரியின் கொடுமையிலிருந்து ஆரம்பித்தார். அவள் அவரை முழுக்கப் பேசவிட்டாள். பிறகு பத்திரத்தை வாங்கி, ஒரு வரி விடாமல் படித்தாள். அழவில்லை. அவள் அழுதிருந்தால்கூடத் தேவலை என்று வேலுமணி நினைத்தாராம்.

மறுநாள் தனியாக வடக்குத்துக்குப் போனாள். கோடி வீட்டில் இருந்த மாணிக்கம்மாள் குடும்பம் சென்னைக்குப் போய் ஒரு மாதமாகியிருந்தது. சாவி கனகத்திடம். தன் பவுனில் எழுந்த வீட்டின் சாவியைக் காந்திமதி கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

“தரேன் ஆயா, உங்களுதுதான. ஆனா நோட்டுல ஏறணும். இல்லேன்னா நாளைக்கு எவனாவது வந்து எல்லாரையும் கௌப்பிடுவான்” என்றாள் கனகம்.

காந்திமதி திரும்பி வந்து, நோட்டையும் பேனாவையும் வேலுமணி முன்னால் வைத்தாள்.

“எழுதுங்க. காந்திமதி, ஆதரவற்ற பெண்.”

எழுதினார்.

“கணவர் இல்லை.”

அவர் பேனாவை வைத்துவிட்டார். நல்ல நாளும் அதுவுமாக இது என்ன பேச்சு என்றார். தாலி கட்டிய கையால் அதை எழுதச் சொல்லாதே என்றார். பன்னிரண்டு பெண்களுக்கு எழுதும்போது அந்தக் கை ஒரு தடவைகூடப் பேனாவை வைக்கவில்லை.

“பன்னெண்டு பேரு தாலியை அறுத்தீங்கள்ளா. பதிமூணாவதா இதையும் அறுத்துட்டுப் போங்க. எழுதுங்க.”

எழுதினார். டிரஸ்டி என்று கீழே கையெழுத்தும் போட்டார். பிறகு மெதுவாக, அப்படியானால் நான் எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

“அய்யனாரைக் கேளுங்க” என்றாள் காந்திமதி. “செத்த பிறகு எப்படிக் குடியிருக்கணும்னு அவருக்குத்தான் தெரியும்.”